239 கிலோவுக்கு ஒரு மர ஸ்டாண்டு

மாடி அறையில் உடற்பயிற்சி சாமான்களை அடுக்க நான் செய்த மர ஸ்டாண்டு ஒரு கத்திரி வெயிலையும் ஒரு ஐப்பசி மழையையும் தாண்டிவிட்டது. சட்டம் எதுவும் தொங்கவில்லை, கால் ஆடவில்லை. மரச்சாமானைச் செய்து முடித்த அன்றைக்கே அதைப் பற்றிச் சொல்லக் கூடாது என்பது என் எண்ணம். வேலூர் வெயிலில் மரம் சுருங்கி, மழையில் உப்பி, அப்புறமும் மூட்டுகள் பிடித்து நின்றால்தான் சொல்ல ஏதாவது இருக்கும். இப்போது இருக்கிறது.

முதலில் பாரக் கணக்கு. தம்பெல் 2.5, 5, 7.5, 10, 12.5, 15 கிலோ ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி. அதுவே 105 கிலோ. பார்பெல் பிளேட்டுகள் 20 கிலோ இரண்டு, 10 கிலோ இரண்டு, 5 கிலோ நாலு, 2.5 கிலோ நாலு. ஆக 90. கெட்டில்பெல் 8, 12, 16 கிலோ. ஆக 36. கர்லாக்கட்டை ஒரு ஜோடி, நாலு நாலு கிலோ. மொத்தம் 239 கிலோ. எல்லாவற்றையும் எடை போட்டுக் கூட்டிப் பார்த்த பிறகுதான் இது புத்தக அலமாரி செய்கிற வேலை இல்லை என்று புரிந்தது. வீட்டில் ஜிம் வைத்திருக்கிறவர்கள் இந்தக் கூட்டலை முதலில் போட்டுவிடுங்கள். சாமான்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்ப்பதால் மொத்தம் எவ்வளவு என்பது யாருக்கும் தெரிவதில்லை.

இதற்கு முன்னால் சுவரில் எல் ஆங்கிள் அடித்து, அதன் மேல் 18 எம்.எம். பிளைவுட் போட்டு இரண்டு தட்டு வைத்திருந்தோம். ஐந்தடி நீளம், 14 இன்ச் அகலம், இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு ஆங்கிள். கனமான தம்பெல்களை அடுக்கிய தட்டு நடுவில் ஏறத்தாழ ஒரு இன்ச் இறங்கியது. அது கண்ணுக்குத் தெரிந்தது. தெரியாமல் நடந்தது இன்னொன்று. ஒரு ஆங்கிளின் மேல் ஸ்க்ரூ, பிளாஸ்டிக் பிளக்கோடு சேர்ந்து சுவரைவிட்டு அரை இன்ச் வெளியே வந்திருந்தது. சுற்றிலும் பூச்சு உதிர்ந்து கிடந்தது. கணக்குப் போட்டால் காரணம் எளிது. தட்டில் 75 கிலோ என்றால் ஒரு ஆங்கிளுக்கு 37 கிலோவுக்கு மேல். அந்தப் பாரம் சுவரிலிருந்து சுமார் 7 இன்ச் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிளின் உயரம் 6 இன்ச். அப்படியென்றால் மேல் ஸ்க்ரூவைச் சுவரிலிருந்து பிடுங்கும் விசை 43 கிலோவுக்கும் மேல். பூச்சுச் சுவரில் அடித்த ஒரு பிளக் இரவும் பகலும் அதைத் தாங்கிக்கொண்டு நிற்காது.

எங்கள் தெருவில் தச்சு வேலை செய்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். கூப்பிட்டுக் காட்டினேன். ஆங்கிளை ஒரு முறை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா இது, பாரத்தப் பூரா ஸ்க்ரூ மேல தொங்க வுட்டுகிறே? காடி எடுத்து மரத்து மேல உக்கார வை. ஸ்க்ரூ சும்மா புடிச்சினு இருந்தா போதும்” என்றார். காடி என்பது ஒரு மரம் இன்னொரு மரத்தில் உட்கார வெட்டும் பள்ளம். ஸ்டாண்டு முழுவதையும் இந்த ஒரு பேச்சை வைத்துத்தான் வரைந்தேன். ஒவ்வொரு மூட்டிலும் நான் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றே ஒன்று. இந்த ஸ்க்ரூவை இப்போது உருவிவிட்டால் பாரம் கீழே விழுமா? விழும் என்றால் அந்த மூட்டைத் திரும்ப வரை.

இரும்பில் செய்தால் என்ன என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். கிரில் பட்டறையில் சொன்னால் சதுரக் குழாயில் பற்ற வைத்துக் கொடுத்துவிடுவார்கள், செலவும் பெரிதாகக் கூடாது. ஆனால் நாளைக்கு 20 கிலோ தம்பெல் வந்தால் ஒரு சட்டத்தை நகர்த்த மறுபடி பட்டறைக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மரம் என்றால் போல்ட்டைக் கழற்றி, புதிதாக ஒரு காடி எடுத்து, மாட்டிவிடலாம். தம்பெல்லை வைக்கும்போது வருகிற சத்தமும் மரத்தில் பாதிதான். காலை ஐந்தரைக்குப் பயிற்சி செய்கிற வீட்டில், கீழே அம்மா அப்பா தூங்குகிறார்கள் என்றால், அது சின்ன விஷயம் இல்லை.

மரம் எங்கே வாங்குவது என்பதில்தான் நிறைய அலைந்தேன். தேக்கு என் பட்ஜெட்டில் இல்லை. மா மரம் மலிவு, ஆனால் பூச்சி துளைக்கும். மரவாடியில் புதிதாக அறுத்த வேம்பு இருந்தது, விலையும் சரியாக இருந்தது. கையை வைத்துப் பார்த்தால் சில்லென்றிருந்தது, ஈரம். ஒரு இன்ச் கனம் காய ஒரு வருஷம் என்று மரவேலைக்காரர்கள் சொல்லும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 3 இன்ச் சதுரக் காலுக்கு அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. கடைசியில் ஆற்காடு போகும் வழியில், இடித்த வீட்டுச் சாமான் விற்கும் ஒரு இடத்தில் பழைய ஓட்டு வீட்டின் உத்தரங்களும் கைமரங்களும் கிடைத்தன. வேம்பு. வெட்டிய இடத்தில் செம்பழுப்பாக வைரம், அதாவது முற்றிய உள்மரம், தெரிந்தது. எத்தனையோ வெயில் காலம் கூரையில் கிடந்து காய்ந்த மரம், இனி சுருங்க அதிகம் மிச்சமில்லை. கன அடி 900 ரூபாய்க்கு மூன்று கன அடி எடுத்தேன். கணக்குப்படி வேண்டியது இரண்டேகால் கன அடிதான். பழைய மரத்தில் ஆணி ஓட்டையும் வெடிப்பும் இருக்கிற பகுதியைக் கழிக்க வேண்டியிருக்கும் என்பதால் மிச்சத்தையும் சேர்த்து வாங்கினேன், பெரும்பாலும் தேவைப்பட்டது.

பழைய மரம் வாங்குகிறவர்கள் கையோடு ஒரு காந்தம் கொண்டுபோங்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி, மரத்தின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டே போனால், உள்ளே தலை உடைந்து புதைந்திருக்கும் ஆணிக்கு நேராகக் காந்தம் சாய்ந்து ஒட்டும். அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். ஆணியோடு கொண்டுபோனால் மில்லில் இழைக்க மாட்டார்கள். பிளேடில் பல் விழுந்தால் அவர்களுக்கு நஷ்டம், கோபம் நியாயமானது. வட்டம் போட்ட ஒவ்வொரு இடத்திலும் உளியால் கொஞ்சம் குடைந்து, குறடால் பிடித்து ஆணியை உருவின பிறகுதான் மில்லுக்குப் போனேன். நாலு பக்கமும் அறுத்து இழைக்க 400 ரூபாய் ஆனது.

லேசான வேலைகளுக்குப் பேக்கிங் மரம். ராணிப்பேட்டை சிப்காட் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குச் சரக்கு அடுக்கி வரும் மரத் தட்டுகளான பேலட்டுகளைப் பிரித்துப் பலகையாக விற்கிறார்கள். பைன் மரம், நாலடி நீளம், முக்கால் இன்ச் கனம். இதில் முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும். ஹெச்.டி. என்று சூடு வைத்திருந்தால் வெப்பம் கொடுத்துப் பூச்சி நீக்கியது, அதாவது மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் இருந்திருக்கிறது. எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வீட்டுக்குள் வேண்டாம். முத்திரையே இல்லாததையும் நான் தொடவில்லை. 600 ரூபாய்க்கு வேண்டிய பலகை கிடைத்தது.

வேலையைத் தொடங்கும் முன் சட்டத்தை எப்படி நிறுத்துவது என்று சோதித்துப் பார்த்தோம். சட்டம் 3 இன்சுக்கு ஒன்றரை இன்ச். அதை இரண்டு செங்கல் அடுக்குக்கு நடுவே படுக்க வைத்து, மேலே ஓரத்திலிருந்து ஓரம் வரை நூல் இழுத்துக் கட்டினோம். நடுவில் நான் ஏறி நின்றேன், என் எடை 62 கிலோ. நூலுக்கும் மரத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று தம்பி அளந்தான். தச்சர் கணக்கில் 4 நூல், அதாவது அரை இன்ச் இறங்கியிருந்தது. அதே சட்டத்தை 3 இன்ச் பக்கம் உயரமாக வரும்படி நிறுத்தி வைத்து, அவன் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, மறுபடி ஏறினேன். ஒரு நூல். மரம் ஒன்றுதான், எடையும் ஒன்றுதான், வைத்த விதத்தில் நாலு மடங்கு வித்தியாசம். இரண்டு பேரும் மாற்றி மாற்றி அளந்தோம், அப்படியேதான் வந்தது. கனமான தம்பெல் வரிசைக்கு 75 கிலோ என்றால் இரண்டு சட்டத்துக்கும் பங்கு போய், அதுவும் ஐந்தடி நீளத்துக்கும் பரவி உட்காரும். ஒரு நூல்கூட இறங்காது என்று அப்போதே தைரியம் வந்துவிட்டது. நடுவில் முட்டு வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

அமைப்பு இப்படி. 3 இன்ச் சதுரக் கால் நாலு, உயரம் மூன்றரை அடி. முன் காலையும் பின் காலையும் இணைக்க ஒவ்வொரு பக்கத்திலும் நாலு குறுக்குச் சட்டம், 16 இன்ச் நீளம், 4 இன்ச் உயரம், ஒன்றரை இன்ச் கனம். குறுக்குச் சட்டம் காலில் எடுத்த காடியில் உட்காரும். ஐந்தடி நீளச் சட்டங்கள் குறுக்குச் சட்டத்தின் மேல் எடுத்த காடியில் உட்காரும். தம்பெல் சட்டத்தை அழுத்தும், சட்டம் குறுக்குச் சட்டத்தை அழுத்தும், அது காடியின் அடி விளிம்பை அழுத்தும், அங்கிருந்து கால் வழியாகப் பாரம் தரைக்குப் போய்விடும். இந்த வழியில் எங்கேயும் இரும்பு இல்லை. கால் காடியில் 3 நூல் போல்ட், நாலரை இன்ச் நீளம், இரண்டு பக்கமும் வாஷரோடு போட்டிருக்கிறேன். அது மரத்தை இறுக்கிப் பிடிக்க மட்டும்தான்.

காடி எடுப்பதுதான் இதில் உண்மையான வேலை. ஆழம் முக்கால் இன்ச், உயரம் சரியாக 4 இன்ச். மூலை மட்டத்தை வைத்துப் பென்சிலால் கோடு போட்டால் கோடே அரை நூல் தடிமன் வந்துவிடும். அதனால் மூலை மட்டத்தை ஒட்டிக் கத்தி முனையால் கீறினேன். கீறலில் ரம்பப் பல்லும் வழுக்காமல் உட்காரும். இரண்டு ஓரக் கோட்டையும் அறுத்துவிட்டு, நடுவே 3 நூலுக்கு ஒரு வெட்டாக, ஆழக் கோடு வரைக்கும் அறுத்துக்கொண்டே போக வேண்டும். அப்புறம் ஒரு இன்ச் உளியை வைத்துக் கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், தட்டினால் துண்டு துண்டாகப் பெயர்ந்து வரும். வேம்பில் இங்கே ஒரு சிக்கல். அதன் நார் நேராக ஓடாது, ஒரு அடுக்கு இப்படியும் அடுத்த அடுக்கு அப்படியுமாகப் பின்னிக்கொண்டு போகும். ஒரே பக்கத்திலிருந்து உளியை ஓட்டினால் மறுபக்க விளிம்பு பெரிய செதிலாகப் பிய்ந்து வந்துவிடும். இரண்டு பக்கத்திலிருந்தும் பாதிப் பாதியாக உள்நோக்கி வர வேண்டும், நடுவில் மேடு மிஞ்சும், அதைக் கடைசியில் உளியைப் படுக்க வைத்து, கொட்டாப்புளி இல்லாமல், கையால் தள்ளியே சீவ வேண்டும். உளி மழுங்கினால் கை வலிக்கு முன்னால் மரமே சொல்லிவிடும். சீவல் சுருளாக வராமல் தூளாக உதிரும். அப்போது நிறுத்திச் சாணைக்கல்லில் தேய்த்துக்கொள்ள வேண்டியதுதான். வேப்பந்தூள் தொண்டைக்குள் போனால் கசப்பு சாப்பாடு வரைக்கும் நிற்கும், கண்ணும் எரியும். மாஸ்க் கட்டாயம்.

காடியில் சட்டம் எவ்வளவு இறுக்கமாகப் போக வேண்டும் என்றும் பெரியவரிடம் கேட்டுவைத்தேன். கையால் தள்ளினால் பாதி போக வேண்டும், மீதி கொட்டாப்புளியின் லேசான தட்டில் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் காடியைப் பெரிதாக்கக் கூடாது, சட்டத்தின் பக்கத்தை இழைப்புளியால் ஒரு இழுப்பு இழைத்துவிட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும். காடியின் அடி விளிம்பு மட்டமாக இருப்பதில் எந்தச் சமரசமும் கூடாது. பாரம் உட்காருகிற இடம் அதுதான். அங்கே ஒரு மூலை மட்டும் உயர்ந்திருந்தால் அந்த மூலையே முழுப் பாரத்தையும் வாங்கி, நாளடைவில் நசுங்கும். காடிக்குள் சாக்பீஸ் தூளைத் தடவிச் சட்டத்தை ஒரு முறை இறக்கி எடுத்தால், எங்கே முட்டுகிறதோ அங்கே சட்டத்தில் வெள்ளை படியும். அடி முழுக்க வெள்ளை பரவலாகப் படிந்தால் காடி சரி.

தம்பெல் வரிசைகள் முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும் என்று விரும்பினேன். எடை எழுதிய முகம் தெரியும், கையை மடக்காமல் எடுக்கலாம். குறுக்குச் சட்டத்தில் பின் காடியை அரை இன்ச் ஆழத்திலும் முன் காடியை 2 இன்ச் ஆழத்திலும் எடுத்தேன். முன் சட்டம் ஒன்றரை இன்ச் தாழ்ந்து, சுமார் 12 டிகிரி சாய்வு கிடைத்தது. சாய்வு வந்த பிறகு சட்டத்தின் மேல் முனை தம்பெல்லைக் கூர்மையாக ஒரு கோட்டில் மட்டும் தொடும். அதனால் அட்டையை அந்தக் கோணத்துக்கு வெட்டி அளவாக வைத்துக்கொண்டு, சட்டத்தின் மேற்பக்கத்தையும் அதே சாய்வுக்கு இழைத்தேன். முன் சட்டத்தில் ரீப்பர் என்கிற சின்ன மரப்பட்டை ஒன்றைத் தடுப்பாக ஒட்டி ஸ்க்ரூவும் போட்டிருக்கிறேன்.

இரண்டு சட்டத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை முதலில் எல்லா வரிசைக்கும் ஒன்றாகவே நினைத்திருந்தேன். அட்டைப்பெட்டியில் மாதிரி வைத்துப் பார்த்தபோது அது சரிவரவில்லை. 10 முதல் 15 கிலோ வரை தம்பெல்லின் தலைகள் தடிமன், மையத்திலிருந்து மையம் 7 இன்ச் வைத்தால் நன்றாக உட்கார்கின்றன. அதே இடைவெளியில் 2.5 கிலோ தம்பெல்லின் தலை சட்டத்தின் உள் ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கிறது, கை பட்டால் நடுவே விழுந்துவிடும். லேசான வரிசைக்கு 6 இன்சாக்கினேன். கடையில் விற்கும் தம்பெல்களின் நீளம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். என் அளவை எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் தம்பெல்லின் பிடி நீளத்தையும் தலைத் தடிமனையும் அளந்து, சட்டம் தலையின் நடுவில் வருகிற மாதிரி வையுங்கள்.

பிளேட்டுகளுக்குக் கட்டையை நீட்டி அதில் மாட்டும் யோசனை முதலில் இருந்தது. ஆங்கிள் செய்த அதே வேலையை அந்தக் கட்டையும் செய்யும், தன் அடியைப் பிடுங்கப் பார்க்கும். விட்டுவிட்டேன். அடித்தட்டில் பிளேட்டுகளை நிறுத்தி வைக்கிறேன். இரண்டு நீளச் சட்டத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் பிளேட்டின் வட்டம் கொஞ்சம் இறங்கி உட்காருகிறது, அதனால் உருளாது. பக்கத்தில் சாயாமலிருக்கப் பைன் பலகைத் தடுப்புகள். 20 கிலோவுக்கு இரண்டரை இன்ச் இடைவெளி, 10 கிலோவுக்கு 2 இன்ச், சின்னவை இரண்டிரண்டாக ஒரே தடுப்புக்குள். மிச்சமுள்ள அடித்தட்டில் பலகை போட்டு மூன்று கெட்டில்பெல்களும். 20 கிலோ பிளேட் நிற்க மேலே 17 இன்ச் உயரம் விட்டேன். அடித்தட்டு தரையிலிருந்து 4 இன்ச் மேலே இருக்கிறது. துடைப்பமும் மாப்பும் உள்ளே போகாத சாமானை எங்கள் வீட்டில் அனுமதிக்க மாட்டார்கள். இந்தத் தட்டில் மட்டும் 126 கிலோ என்பதால் நீளச் சட்டங்களின் நடுவே தரைக்கு ஒரு குட்டைக் கால் கொடுத்தேன்.

கூட்டிப் பார்த்த அன்றைக்கு ஒரு சிக்கல் தெரிந்தது. மேலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் அசையாத ஸ்டாண்டு, பக்கவாட்டில் விரலால் தள்ளினால் ஆடியது. போல்ட்டை எல்லாம் இன்னொரு சுற்று இறுக்கினேன். ஆட்டம் நின்றது போல இருந்தது, மறுநாள் மறுபடி ஆடியது. மேலும் இறுக்கினால் வாஷர் மரத்துக்குள் புதைகிறது, அவ்வளவுதான். நாலு பக்கமும் நேராக இருக்கும் சட்டகம் எத்தனை போல்ட் போட்டாலும் சாயத்தான் செய்யும். மூலைவிட்டமாக ஏதாவது வேண்டும், அல்லது பின்னால் பலகை வேண்டும். மூலைவிட்டத்துக்கு ஐந்தரை அடிக்கு மேல் நீளம் தேவை, பேலட் பலகையோ நாலடிதான். அப்போதுதான் சுவரிலிருந்து கழற்றிப் போட்ட அந்தப் பிளைவுட் தட்டுகள் ஞாபகம் வந்தன. ஐந்தடி நீளம், 14 இன்ச் அகலம், அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. ஒன்றை எடுத்து, பின் கால்கள் இரண்டையும் சேர்த்து, நிறுத்தின வாக்கில் வைத்து, ஒவ்வொரு காலிலும் ஃபெவிகாலோடு ஆறு ஸ்க்ரூ. ஆட்டம் அந்த நிமிடமே நின்றது. படுக்க வைத்தபோது தம்பெல்லுக்கு ஒரு இன்ச் தொங்கிய அதே பலகை, நிமிர்ந்து நின்றதும் முழு ஸ்டாண்டையும் நேராகப் பிடித்துக்கொண்டது. இங்கே ஸ்க்ரூ உண்டுதான். ஆனால் அது பிடித்திருப்பது ஆட்டத்தை, பாரத்தை இல்லை.

மேல்தட்டுக்குப் பைன் பலகைகளைக் குறுக்கே வெட்டிப் போட்டேன். துண்டு, கயிறு, ரெசிஸ்டன்ஸ் பேண்ட் எல்லாம் அங்கே. பக்கத்தில் ஒரு பலகையில் உளியால் இரண்டு வளைவு எடுத்து, கர்லாக்கட்டைகளைக் கழுத்தில் மாட்டித் தொங்க விட்டிருக்கிறேன்.

அப்புறம் தோல். ரப்பர் தலை தம்பெல்லை வார்னிஷ் மேல் நேரடியாக வைத்தால் சில நாளில் ரப்பர் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது வார்னிஷையும் உரித்துக்கொண்டு வரும், கறுப்புக் கறையும் விழும். வேறு ஊராக இருந்தால் ரப்பர் ஷீட், கார்ப்பெட் என்று தேடியிருப்பேன். நம் பக்கத்தில் அது தேவையில்லை. ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் வெட்டுத் துண்டுகள் கிலோ கணக்கில் கிடைக்கும். ஷூவுக்கு ஆகாத தடித்த துண்டுகளாகப் பார்த்து 150 ரூபாய்க்கு வாங்கி, ஒன்றரை இன்ச் பட்டைகளாக வெட்டி, சொரசொரப்பான பக்கம் மேலே வரும்படி ரப்பர் சொல்யூஷனால் ஒட்டினேன். ஒட்டும் இடத்தில் மட்டும் வார்னிஷ் அடிக்கக் கூடாது, வார்னிஷ் படாத வெறும் மரத்தில்தான் பிடிக்கும். இந்த ஸ்டாண்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 15 கிலோவை வைத்தால் தொப்பென்று அடங்கின ஒரு சத்தம், அவ்வளவுதான்.

கால்களின் அடியிலும் வெட்டு முகத்திலும் கரையான் மருந்தை இரண்டு கோட் ஊற வைத்தேன். வேம்பை அவ்வளவு சீக்கிரம் கரையான் தொடாது, பைனைத் தொடும், அது வழியாகத்தான் ஏறும். மாடித் தளம் பற்றியும் யோசிக்க வேண்டியிருந்தது. வீட்டு அறைகளுக்கு ஐ.எஸ். 875 என்ற கட்டடப் பாரத்துக்கான இந்தியத் தரநிலை சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ என்று பாரக் கணக்கு வைக்கிறது. அறை முழுக்கப் பரவினால் எங்கள் தளத்துக்கு 239 கிலோ ஒன்றுமில்லை. ஆனால் ஸ்டாண்டு உட்கார்ந்திருப்பது அரை சதுர மீட்டருக்குச் சற்று மேலான இடத்தில். அதனால் அறை நடுவில் வைக்காமல், கீழே சுவர் வருகிற பக்கமாக, சுவரை ஒட்டி வைத்தேன். ஒவ்வொரு காலுக்கும் 4 இன்ச் சதுரப் பலகையும் அதன் கீழ் தோல் துண்டும் கொடுத்தேன். தளம் தண்ணீர் வழிகிற பக்கம் லேசாகச் சரிந்திருந்ததை ரசமட்டம் வைத்துப் பார்த்து, தோலை இரண்டு மடிப்பாக்கிச் சரி செய்தேன். மேலே ஒரே ஒரு கிளாம்ப் சுவரோடு. குழந்தைகள் வந்து ஏறினால் முன்னால் கவிழக் கூடாது என்பதற்காக.

செலவு: வேம்பு 2700, மில் கூலி 400, பேக்கிங் மரம் 600, வேலூர் லாங்கு பஜாரில் வாங்கிய போல்ட், நட், வாஷர், ஸ்க்ரூ 650, ஃபெவிகாலும் சொல்யூஷனும் 250, உப்புத்தாள் 120, வார்னிஷ் தின்னர் 380, கரையான் மருந்து 200, தோல் 150. மொத்தம் 5450 ரூபாய். ரம்பம், உளி, ட்ரில் வீட்டில் இருந்தவை. கிளாம்புகள் பெரியவரிடம் இரவல்.

கத்திரி முடிந்ததும் போல்ட்டுகளை ஸ்பேனர் வைத்துப் பார்த்தேன். பெரும்பாலும் கால் சுற்று இடம் கொடுத்தன. மரம் நீளவாக்கில் சுருங்காது, குறுக்கே சுருங்கும், போல்ட் போவது குறுக்கே. காய்ந்த மரத்திலேயே இவ்வளவு என்றால் அந்த ஈர வேம்பை வாங்கியிருந்தால் காடியே தளர்ந்திருக்கும். மழைக்காலத்தில் அவை தானாகவே இறுகிவிட்டன, அப்போது கை வைக்க வேண்டாம். அடுத்த முறை போல்ட்டுக்கு ஸ்பிரிங் வாஷர் போடுவேன்.

இன்னும் சிலது மாற்றுவேன். கனமான வரிசையில் ஒரு ஜோடிக்கு 12 இன்ச் வீதம் மூன்று ஜோடியும் போக ஒன்றரை அடி மிச்சம் இருக்கிறது, 17.5 கிலோ ஜோடி ஒன்று வரலாம். 20 கிலோவும் வந்தால் இடமில்லை, ஐந்தரை அடியாகச் செய்திருக்க வேண்டும். முன் தடுப்பு ரீப்பரை அரை இன்ச் தாழ்த்துவேன், 2.5 கிலோவை எடுக்கும்போது விரல் இடிக்கிறது. காலை 3 இன்ச் சதுரத்துக்குப் பதிலாக நாலுக்கு இரண்டாக அறுத்தால் காடி முக்கால் இன்ச் போன பிறகும் முன்பின்னாக உறுதி குறையாது, மரமும் மிச்சம். பிளைவுட் முதுகைக் கடைசியில் சேர்க்காமல், கால்களைப் படுக்க வைத்திருக்கும்போதே, இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவு வருகிறதா என்று டேப்பில் பார்த்துவிட்டு அடிப்பேன். நிற்க வைத்த பிறகு சதுரம் பார்ப்பதற்கு இரண்டு பேர் தேவைப்பட்டது.

மிஞ்சிய இரண்டாவது பிளைவுட் தட்டும் ஒன்றரை அடி வேம்புச் சட்டங்கள் சிலவும் பரண் மேல் இருக்கின்றன. பெஞ்ச் ஒன்று செய்ய அது போதும் என்று அளந்து வைத்திருக்கிறேன், கால் நாலும் மட்டும் வாங்க வேண்டும்.